கிச்சனில் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

ஓட்டல், மெஸ், பேக்கரி, கேண்டீன் பற்றி உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். கடிதமாகவும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகவும் நிறைய வந்தன. முதலாளிகள் எழுதியதைவிட அடுப்படியில் நிற்பவர்கள் எழுதியது அதிகம், அதில் எனக்கு நிஜமான சந்தோஷம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்காக மெஸ் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். லைசென்ஸ் இருக்கிறது. போன மாதம் சோதனைக்கு வந்த ஆஃபீசர், "பயிற்சி எடுத்த மேற்பார்வையாளர் யார், சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார். 25 பேருக்கு ஒருவர் என்றுதானே சொல்கிறார்கள், ஒன்பது பேர் இருக்கும் எங்களுக்கும் அது உண்டா? உண்டு என்றால் என் மகனை அனுப்பினால் போதுமா? ஜிஎஸ்டி, வரவு செலவு எல்லாம் அவன்தான் பார்க்கிறான்.
– மெஸ் நடத்தும் வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு அம்மா. 25 பேருக்கு ஒருவர் என்பது ஒன்று முதல் 25 வரை ஒருவர் என்ற கணக்கு. அதனால் உங்கள் ஒன்பது பேருக்கும் ஒருவர் வேண்டும், 26 பேர் ஆகிவிட்டால் இரண்டு பேர் வேண்டும். உணவுக் கடைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மத்திய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2017-ல் தொடங்கிய ஃபோஸ்டாக் என்ற பயிற்சித் திட்டத்தின் கீழ் இந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சமையல் செய்து பரிமாறுகிற இடங்களுக்கு ஒரு பாடம், உற்பத்திக்கு ஒன்று, சில்லறைக் கடைக்கு ஒன்று, கிடங்கு மற்றும் வண்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. அதற்குள் சிறு கடைகளுக்கு அடிப்படை நிலை, லைசென்ஸ் வாங்கிய இடங்களுக்கு அடுத்த நிலை. மெஸ் என்றால் சமையல், பரிமாறுதல் பாடம்தான். வேறு பாடத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று யாராவது சேர்த்துவிட்டால் அந்தச் சான்றிதழால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. இரண்டு வருடம் செல்லும், அப்புறம் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும். வகுப்புக்கே வராமல் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மகனை அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அனுப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில், கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நான் போய்ப் பார்த்த மெஸ்களிலும் ஓட்டல்களிலும் திரும்பத் திரும்பக் கண்ட குறை இதுதான். கல்லாவில் உட்காருபவர் பெயரில் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கும், அடுப்படியில் நேற்றைய குருமாவைச் சூடு பண்ணலாமா கொட்டலாமா என்று முடிவு பண்ணுபவர் அந்த வகுப்பு நடந்த ஊர் எது என்றுகூட அறியாதவராக இருப்பார். காலையில் காய்கறியும் கறியும் வந்து இறங்கும்போது யார் கூடையைப் பிரித்துப் பார்க்கிறார்களோ, இரவு மீந்ததை யார் எடுத்து வைக்கிறார்களோ, அவரை அனுப்புங்கள். அவர் எட்டாவது வரைதான் படித்தவர் என்று தயங்க வேண்டாம். தமிழில் வகுப்பு நடத்தும் பயிற்சி நிறுவனமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும். முடிந்தால் இரண்டு பேரை அனுப்புங்கள், ஒருவர் லீவில் இருக்கிற நாளிலும் மெஸ்ஸில் சாப்பாடு நடக்குமல்லவா.

இன்னொன்று. பயிற்சி எடுத்து வந்தவரிடம் நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "கெட்டுப்போச்சு என்று நீ நினைத்தால் என்னைக் கேட்காமல் கொட்டு, நஷ்டம் என்னுடையது." இந்த ஒரு அதிகாரம் இல்லாத மேற்பார்வையாளர் இருந்தும் இல்லாதவர்தான்.

கேள்வி: நான் பரோட்டா மாஸ்டர். வயிற்றால் போனாலும் காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிடுகிறேன், ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. போன மாசம் விரலில் கட்டி வந்து சீழ் வைத்திருந்தது, துணி சுற்றிக்கொண்டு மாவு பிசைந்தேன். கல்லில் போட்டுச் சுடுகிற பொருள்தானே, கிருமியெல்லாம் செத்துவிடாதா?
– மாஸ்டர் ஒருவர், மதுரை

பதில்: தம்பி, மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. முதலில் அந்தக் கட்டி. சீழ் வைத்த புண்ணில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், நம் மூக்கிலும் தோலிலும்கூட அது உண்டு. மாவில் இறங்கி, மாவு மணிக்கணக்கில் வெளியே ஊறும்போது பெருகி ஒரு விஷத்தை உண்டாக்கும். கல்லின் சூட்டில் கிருமி செத்துப்போகும், அது விட்டுப்போன விஷம் அந்தச் சூட்டுக்கு அசையாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே குபுகுபுவென்று வாந்தி எடுப்பார்கள். புண்ணைச் சுத்தம் செய்து, தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் கையுறை போட்டால் சிறு கீறலோடு வேலை பார்க்கலாம். சீழ் வைத்த கட்டி என்றால் ஆறும்வரை மாவு, சட்னி, வெட்டுகிற வேலை எதிலும் கை வைக்கக் கூடாது. துணி சுற்றுவது இன்னும் மோசம், ஈரத்துணிதான் கிருமிக்கு மெத்தை.

வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை, காய்ச்சலோடு தொண்டை வலி, சீழ் வைத்த புண், காதிலோ கண்ணிலோ நீர் வடிதல், இதில் எது வந்தாலும் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும், உணவைத் தொடும் வேலையிலிருந்து விலகி இருக்க வேண்டும். உணவுத் தொழிலுக்கு 2011-ல் வந்த உரிம (லைசென்ஸ்) விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில் சுகாதார விதிகள் எல்லாம் இருக்கின்றன, அதில் இதுவும் ஒன்று. உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி, இரண்டுக்கும் ஆவணம் என்பதும் அங்கேதான் இருக்கிறது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்று 48 மணி நேரம் ஆனபிறகு அடுப்படிக்குத் திரும்புவது என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கிற வழக்கம், அதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோச்சு என்று நினைக்கிற நாளிலும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும்.

சம்பளம் பற்றி நீங்கள் சொன்னதுதான் முக்கியமான விஷயம், அதை முதலாளிகள் படிக்கட்டும் என்று இங்கே நீட்டி எழுதுகிறேன். நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரப் பெண் இருந்தார். அவர் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது, ஆனால் அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. அவர் சமைத்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்ததைத் துப்புத்துலக்கி 1907-ல் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். 1910-ல், இனி சமைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். துணி வெளுக்கும் வேலைக்குப் போனார், அதில் கிடைத்த கூலி சமையலில் கிடைத்ததைவிட ரொம்பக் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே வந்தார், 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் டைபாய்டு பரவியபோது பிடிபட்டார், 1938-ல் சாகும்வரை தனிமையிலேயே வைத்திருந்தார்கள். அவரை எல்லோரும் திட்டினார்கள், வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி செய்து கொடுத்தவர்கள் யாரும் இல்லை.

நூறு வருடம் கழித்தும் நம் ஓட்டல்களில் அதே கணக்குத்தான் ஓடுகிறது. "உடம்பு சரியில்லை என்றால் சொல்லு" என்று போர்டு எழுதி மாட்டிவிட்டு, சொன்ன அன்றைக்கே கூலியைப் பிடித்தால் எவர் சொல்வார்? வாந்தி, வயிற்றுப்போக்குக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு என்று எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு நாள் வியாபாரத்தில் எத்தனை பங்கு என்று உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். மதுரைத் தம்பி, உங்கள் முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த இரண்டு நாளும் கணக்கு எழுதுவது, ஆர்டர் போன் எடுப்பது போன்ற சாப்பாட்டைத் தொடாத வேலையைக் கேட்டு வாங்குங்கள். பார்சல் கட்டுவது அதில் சேராது.

கேள்வி: எங்கள் பேக்கரியில் ஒடிசா, அசாம் பையன்கள் பதினோரு பேர். கை கழுவு, தொப்பி போடு என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள், மறுநாள் பழையபடிதான். பயிற்சிக்கு அனுப்பினால் தமிழும் இங்கிலீஷும் புரியாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். என்ன செய்வது?
– பேக்கரி உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: தலையாட்டுகிறார்கள் என்றால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வேலை போய்விடுமோ என்ற பயத்திலும் ஆட்டலாம். பதினோரு பேரில் கொஞ்சம் தமிழ் பிடிபட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார், மற்றவர்கள் அவரைத்தான் சந்தேகம் கேட்பார்கள். அவரை முதலில் தயார்படுத்துங்கள். ஃபோஸ்டாக் வகுப்புகள் இந்தியிலும் நடக்கின்றன, அவருக்கு இந்தி தெரிந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மாசம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, பொறுப்பு அவர் கையில் என்று எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்.

அப்புறம், ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துப் பாடம் எடுப்பதைவிட, ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது பத்து நிமிடம் நின்றபடியே ஒரே ஒரு விஷயத்தைச் செய்து காட்டுவது நல்ல பலன் கொடுக்கிறது. இன்றைக்கு முட்டை உடைத்தபிறகு கை கழுவுவது, நாளைக்கு க்ரீம் பாத்திரத்தை எங்கே வைப்பது, அவ்வளவுதான். செய்து காட்டியதும் அவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், செய்தால்தான் பாடம் முடிந்தது.

ஆனால் பையன்களைக் குறை சொல்லும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், கை கழுவும் தொட்டி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? மாவு மேசையிலிருந்து நாலு எட்டில் குழாய், பக்கத்திலேயே சோப்பு, துடைக்கக் காகிதம் இருந்தால் கழுவுவார்கள். பின்பக்கம் கக்கூஸ் அருகே ஒரே ஒரு குழாயும் அதில் சோப்புத் துண்டு கரைந்துபோயும் இருந்தால் யாரும் அரை மணிக்கு ஒரு தடவை நடந்து போக மாட்டார்கள், நீங்களும் போக மாட்டீர்கள். சோப்பு போட்டு இருபது விநாடி தேய்ப்பது, நகத்தடியும் கட்டைவிரலும் விட்டுப்போகாமல் பார்ப்பது, இதைச் சொல்லிக்கொடுக்க மொழி தேவையில்லை.

கையுறை பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். காலையில் போட்ட கையுறையோடு பச்சை முட்டையைத் தொட்டு, பணத்தை வாங்கி, பன்னை எடுத்துக் கொடுத்தால் அந்தக் கையுறை வெறும் கையைவிட அழுக்கு. வெறும் கையில் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும், உறைக்குள் அதுவும் தெரியாது. வேலை மாறும்போது உறையும் மாற வேண்டும், மாற்றும்போது கை கழுவ வேண்டும், முடியாதென்றால் கையுறையே வேண்டாம், இடுக்கி போதும்.

வெட்டுப் பலகைக்குப் பெரிய ஓட்டல்களில் நிறம் வைத்திருப்பார்கள், சமைக்காத கறிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், காய்கறிக்குப் பச்சை என்று. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும் என்பதுதான் இதில் உள்ள நன்மை. உங்கள் பேக்கரியில் பப்ஸுக்குக் கோழி வெட்டுகிறீர்கள் என்றால் அதற்கு ஒரு சிவப்புப் பலகையும் கத்தியும் தனியாக வாங்கிப் போடுங்கள், மிச்சத்துக்கு ஒரு பலகை இருந்தால் போதும்.

கேள்வி: பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். இரவு மீந்த சாதத்தை அண்டாவோடு மூடி வைத்துவிட்டு, காலையில் எலுமிச்சை சாதம், தக்காளி சாதம் ஆக்கிவிடுகிறார்கள். கெட்ட வாடை எதுவும் வருவதில்லை. ஆனாலும் அடிக்கடி யாருக்காவது வாந்தி. கேட்டால், "நன்றாகத் தாளித்துச் சூடு பண்ணித்தானே தருகிறோம்" என்கிறார்கள்.
– தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகி, சென்னை

பதில்: சாதம்தான் பலரும் சந்தேகப்படாத பொருள், அதனால்தான் எனக்கு அதன் மேல் கவலை அதிகம். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிப்பதில் அவை சாவதில்லை. பெரிய அண்டாவில் மூடிவைத்த சாதத்தின் நடுப்பகுதி விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்தச் சூட்டில் வித்து முளைத்துப் பெருகி விஷத்தை விடும். வாடை வராது, நிறம் மாறாது, காலையில் எத்தனை தாளித்தாலும் அந்த விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஐந்தாறு மணி நேரத்துக்குள் வாந்தி.

கிருமி வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். அதனால் சூடாகப் பரிமாறுவது 60-க்கு மேலேயே இருக்க வேண்டும், குளிரில் வைப்பது 5-க்குக் கீழே. மீந்ததை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் அகலமான தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கும் அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். விடுதிகளில் அதற்கு இடமும் இருக்காது, ஆளும் இருக்காது, ஆகவே அளவாக வடித்து மீந்ததைக் கொட்டுவதே சரி. கறிக்குழம்பு, பிரியாணி அண்டாக்களுக்கும் இதே ஆபத்து உண்டு, அங்கே கிருமியின் பெயர்தான் வேறு. பழைய சோறு என்னாகும் என்று கேட்பீர்கள். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைப்பது, புளிப்பு ஏறும்போது பல கிருமிகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அந்தச் சமாதானத்தை மூடி வைத்த அண்டாவுக்குச் சொல்ல முடியாது.

விடுதிச் சாப்பாட்டில் யார் பொறுப்பு என்பதே தெளிவாக இருக்காது. கட்டடம் ஒருவருடையது, நடத்துபவர் இன்னொருவர், சமைப்பது ஒப்பந்தக்காரர். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள், தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்டு 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தபிறகுதான் அந்த விடுதிகளின் சாப்பாடும் தங்குமிடமும் எப்படி இருந்தன என்று நாடே பேசியது. உங்கள் விடுதியில் சமையலுக்கு யார் பெயரில் லைசென்ஸ் இருக்கிறது என்று கேளுங்கள், 14 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைச் சாப்பாட்டு அறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். கேட்டும் காட்டவில்லை என்றால் அடுத்த பதிலில் உள்ள எண்ணுக்குத் தகவல் அனுப்புங்கள்.

கேள்வி: பார்சல் பிரியாணி சாப்பிட்டு வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி பேதி. யாரிடம் சொல்வது, சொன்னால் ஏதாவது நடக்குமா?
– வாசகர், வேலூர்

பதில்: தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப் எண் 94440 42322. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் இலவச எண் 1800 112 100. மாவட்டத்தில் நியமன அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கீழேதான் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வேலை பார்க்கிறார்கள், நேரிலும் போகலாம். மீதி பிரியாணியைக் கொட்டிவிடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள் (2022 ஜனவரி முதல் பில்லிலேயே அந்த 14 இலக்க எண் இருக்க வேண்டும்), டாக்டரிடம் போனால் சீட்டில் 'உணவு நஞ்சு' என்று சந்தேகத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

அலுவலர் மாதிரி எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைத்து அனுப்புவார், பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். சுகாதாரக்கேடாகச் சமைத்தது நிரூபணமானால் ஒரு லட்சம் வரை அபராதம். உடல்நலம் கெட்டவருக்கு இழப்பீடும் உண்டு, உயிரிழப்பு என்றால் குறைந்தது ஐந்து லட்சம் என்று 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவு சொல்கிறது.

கேள்வி: ஷவர்மா கடை வைத்திருக்கிறேன். மயோனைஸ் நானே முட்டை அடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், தடை என்றதும் நிறுத்திவிட்டேன். பாக்கெட் மயோனைஸ் வாங்கிக்கொண்டால் எல்லாம் சரிதானே?
– கடைக்காரர், ஈரோடு

பதில்: நிறுத்தியது நல்ல காரியம், அதைத் தொடருங்கள். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது, கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே செய்திருந்தன. முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருந்தால் அதைக் கொல்ல நெருப்பே படாத பண்டம் அது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அதுவும் ஃப்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டும், வெயிலில் வண்டி மேல் வைக்கிற பழக்கம் வேண்டாம்.

ஆனால் ஷவர்மாவில் மயோனைஸ் பாதிப் பிரச்சினைதான். கம்பியில் அடுக்கிய கோழியின் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கூட்டம் அதிகமானால் வேகும் முன்பே ஆழமாக வெட்டிவிடுகிறார்கள், கூட்டம் குறைந்தால் நெருப்பைக் குறைத்து உள்பக்கத்தை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விடுகிறார்கள். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி, இருவரும் ஷவர்மா சாப்பிட்டபிறகு இறந்துபோனார்கள். வெட்டிய கறியைத் தட்டையான கல்லில் மறுபடி புரட்டி, நடுவில் 75 டிகிரி வந்தபிறகு சுருட்டுங்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அன்றைக்கு விற்கிற அளவுக்குச் சின்னக் கம்பியாக அடுக்குங்கள், மீந்த கம்பியை மறுநாளுக்கு வைக்கவே வேண்டாம்.

கேள்வி: பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பில் என்னென்ன வேலை இருக்கிறது?
– மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல படிப்பு படித்திருக்கிறீர்கள் அம்மா. அரசு வேலை என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு உங்கள் பட்டம் தகுதியானது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளம், உயிர்வேதியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இந்தத் தேர்வை நடத்தியிருக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். சென்னை, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. அங்கே பகுப்பாய்வாளர் ஆவதற்குத் தனித் தேர்வு உண்டு.

தனியாரில் உணவு உற்பத்தி ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கும்போதே, உற்பத்தியை மேற்பார்க்க அறிவியல் படித்த தொழில்நுட்ப ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். மசாலா, எண்ணெய், பால், ஊறுகாய் என்று உங்கள் ஊரைச் சுற்றியே அதற்கு ஆள் தேடுகிறார்கள். கொஞ்ச வருட அனுபவத்துக்குப்பின் தணிக்கையாளர், பயிற்சியாளர் என்று போகலாம். என் யோசனை ஒன்று: முதல் வருடம் ஆய்வகத்தில் உட்காராமல் ஆலையின் உள்ளேயோ பெரிய கேண்டீன் கிச்சனிலோ வேலை தேடுங்கள். பாத்திரம் கழுவுமிடம், சரக்கு இறங்குமிடம், இரவு ஷிஃப்ட் இதையெல்லாம் பார்த்தவர் பிற்பாடு ஆய்வகத் தட்டில் வளர்ந்த கிருமியைப் பார்த்தாலே அது எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பார்.

கேள்வி: சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் போடும் முன் சமையலரும் ஆசிரியரும் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். அது போதுமா? சில நாள் வருகிற பொருள் சரியில்லை என்று எங்களுக்கே தெரியும், ஆனால் நாங்கள் சொன்னால் எடுபடுமா என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சாப்பிட்டுப் பார்ப்பது அவசியம், அதை விட்டுவிடக் கூடாது. கிருமி நாக்குக்குத் தெரியாது, ஆனால் மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, கெட்டுப்போன எண்ணெய் இவை தெரியும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொல்லியும் அதிலேயே சமைக்கச் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. தலைமை ஆசிரியை மீது வழக்கு நடந்து 2016-ல் தண்டனையும் கிடைத்தது. அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம், கலந்த விஷத்தைவிட, அடுப்படியில் நின்ற பெண் சொன்னதற்கு மதிப்பு இல்லாமல் போனதே என் மனதை அறுக்கிறது.

அதனால் உங்கள் தயக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மையத்தில் ஒரு நோட்டுப் போடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எது வந்தாலும் தேதி, நிலைமை, யார் பார்த்து வாங்கினார்கள் என்று எழுதுங்கள். சரியில்லை என்றால் 'வண்டு இருக்கிறது', 'வாடை அடிக்கிறது', 'முட்டை விரிசல் விட்டிருக்கிறது' என்று அப்படியே எழுதி, அமைப்பாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னால் "பார்த்துக்கலாம் அக்கா" என்று நகர்ந்துவிடுவார்கள், கையெழுத்துப் போடச் சொன்னால் நின்று ஒரு தரம் மோந்து பார்ப்பார்கள். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து எதுவும் சமையல் பொருள் வைக்கும் அறையில் இருக்கக் கூடாது, மருந்து வந்த டப்பாவில் எந்த உணவுப் பொருளையும் ஊற்றக் கூடாது. சாப்பிட்டுப் பார்ப்பவர்கள் பிள்ளைகளுக்குப் போட அரை மணி நேரம் முன்பாவது சாப்பிடட்டும், கரண்டியில் தொட்டு நக்குவதாக இல்லாமல் ஒரு தட்டில் போட்டு. அவர்கள் பெயரும் நேரமும் அந்த நோட்டில் தினமும் ஏறட்டும்.